ஆபிரிக்கக் குறுவாள்கள்: பளபளப்பாக்கினால் விலை இறங்கும் சரக்கு

எந்தப் பழைய பொருளையும் விற்பதற்கு முன்னர் துடைத்து மினுக்கி வைப்பது நமது வியாபாரிகளின் வழக்கம். பழைய மோட்டார் வாகனமானாலும் பித்தளைப் படிக்கமானாலும் தேக்கு அலுமாரியானாலும் மெருகேற்றினால் நாலு காசு கூடவே கிடைக்கும். இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும் ஒரு சரக்கைப் பற்றியே இந்த வாரம் எழுதுகிறேன். கிழக்கு ஆபிரிக்காவின் பழைய குறுவாள்கள்தான் அந்தச் சரக்கு.

மாணிக்கக்கல் தேடி கென்யாவுக்கும் தன்சானியாவுக்கும் சென்றுவரும் பேருவளை, தர்கா நகர்ச் சகோதரர்கள் பலர் இவற்றை நிச்சயமாகக் கண்டிருப்பார்கள். அரூஷாவிலும் நைரோபியிலும் கடைத்தெருவைச் சுற்றும்போது சிவப்புத் தோல் உறையில் இட்ட வாள்கள் மணிமாலைகளுக்கும் மரச் சிற்பங்களுக்கும் நடுவே தொங்கும். நானும் கல் வாங்கப் போன இடத்தில்தான் முதன்முதலில் கண்டேன். ஒன்று வாங்கினேன், பிறகு ஐந்து வாங்கினேன், காலப்போக்கில் கல்லுக்கு அடுத்தபடியான தொழிலாக அது வளர்ந்துவிட்டது. இப்போது இளைஞர்கள் சிலர், "நானா, அதில் இலாபம் இருக்கா?" என்று கேட்கிறார்கள். இலாபம் இருக்கிறது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்பதை அறியாமல் முதலைப் போடுபவர் முதலையும் இழந்துவிடுவார்.

வாளை அறிதல்

மசாய் மக்களின் குறுவாளைச் சுவாஹிலி மொழியில் 'சிமே' என்றும் மசாய் மொழியில் 'ஒல் அலெம்' என்றும் சொல்வார்கள். சம்புரு, கிக்கூயு மக்களிடமும் இதே இன வாள் உண்டு. பெரும்பாலும் ஒன்றரை அடியிலிருந்து இரண்டரை அடி வரை நீளம். இரு பக்கமும் கூர். பிடிக்கு அருகே ஒடுங்கி, நுனியை நோக்கிப் போகப் போக இலை போல அகன்று, பின்னர் கூர்மையாக முடியும். பாரம் முழுவதும் நுனிப் பக்கமாக இருப்பதால் சிறு வீச்சிலேயே ஆழமாக வெட்டும். அலகின் நடுவே ஒரு மேடு முதுகெலும்பு போல ஓடும். கைக்காப்பு எதுவும் கிடையாது. வெறும் மரப்பிடி, அதன் மேல் ஈரமாக இழுத்துத் தைத்துக் காயவிட்ட பச்சைத்தோல். உறை என்பது இரண்டு மெல்லிய பலகைகள், அவற்றைச் சுற்றிச் சிவப்புச் சாயமிட்ட தோல். இடுப்பு வாரில் வலப்புறமாகக் கட்டிக்கொள்வார்கள்.

இது போருக்கு மட்டுமான ஆயுதம் என்று எண்ண வேண்டாம். முட்பற்றை வெட்டுவது, இறைச்சி அறுப்பது, கம்பு சீவுவது எல்லாம் இதனால்தான். மாடு மேய்ப்பவர் இடுப்பில் இன்றும் இதைக் காணலாம். ஆகவே நம் கைக்கு வரும் வாள் ஒன்று பல தடவை தீட்டப்பட்டு, அலகு மெலிந்து, பிடி வியர்வையாலும் கொழுப்பாலும் கறுத்துப் போயிருக்கும். வாங்குபவர் பணம் கொடுப்பது அந்தக் கறுப்புக்குத்தான்.

இரும்பின் கதையையும் தெரிந்திருக்க வேண்டும். கிக்கூயு கொல்லர்கள், இரத்தினபுரியில் நம்மவர்கள் கல் மண்ணைக் கூடையில் இட்டு அரிப்பது போல, ஆற்று மணலை அரித்துக் கரிய இரும்பு மணலைப் பிரித்தெடுத்து, களிமண் உலையில் கரியோடு இட்டு இரும்பு எடுத்தார்கள். அப்படிச் செய்த அலகில் இரும்பு ஒரே சீராக இராது. நார் நாராக ஓடும் கோடுகள் சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் பர்மிங்ஹாமில் இயந்திரத்தால் செய்த அலகுகள் கப்பலில் வந்திறங்கின. அவற்றில் ஆங்கில முத்திரை இருக்கும். பிற்காலத்தில் லொறி ஸ்பிரிங் தகடும் தேய்ந்த அரமும்தான் கொல்லருக்கு மூலப்பொருள். அரத்தில் செய்த வாளை இலகுவில் கண்டுபிடிக்கலாம். எவ்வளவுதான் அடித்துத் தட்டையாக்கினாலும் அரத்தின் பல்வரிசை மங்கலாக எங்காவது ஒரு மூலையில் எஞ்சியிருக்கும்.

அரத்தில் செய்தது என்பதால் அது போலி ஆகிவிடாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக இறங்குபவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஒரு மேய்ப்பர் முப்பது வருடம் இடுப்பில் கட்டிய அரத்து வாள், சுற்றுலாப் பயணிக்கென்று நேற்றுச் செய்து உப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட 'புராதன' வாளைவிட எவ்வளவோ மேல்.

செய்தவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மசாய் சமூகத்தில் கொல்லர்கள் இல்குனோனோ எனப்படும் தனிக்கூட்டம். வாள் இல்லாமல் அங்கே வீரன் கிடையாது. ஆனால் வாளைச் செய்பவர் வீட்டில் மற்றவர்கள் பெண் எடுப்பதுமில்லை, கொடுப்பதுமில்லை. கொல்லர் தொட்ட இரும்பை வாங்குமுன் கையில் கொழுப்பைப் பூசித் தூய்மைப்படுத்திக்கொள்வார்கள் என்று 1900 களின் ஆரம்பத்தில் அம்மக்களைப் பற்றி எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். இதைக் கேட்டபோது நம் ஊர்களில் ஒஸ்தாமார்களை நாம் நடத்திய விதம் எனக்கு நினைவுக்கு வந்தது. நம் பிள்ளைகளுக்கு அவர்களுடைய கை வேண்டும், சம்பந்தம் மட்டும் வேண்டாம்.

மற்ற நாட்டு வாள்களும் சந்தைக்கு வருகின்றன. சோமாலியரின் கொம்புப்பிடி 'பில்லாவோ', சகாராவின் துவாரெக் மக்கள் முன்கையில் கட்டும் 'தெலெக்', கொங்கோவின் கூபா மக்கள் அணியும் 'இக்குல்' எனும் அகன்ற கத்தி ஆகியவற்றுக்கு ஐரோப்பாவில் தனித்தனி ரசிகர்கள் உண்டு. கொங்கோ ஆற்றோர மக்களின் அரிவாள் போல் வளைந்த வாள்களை வியாபாரிகள் 'தலை வெட்டும் வாள்' என்று கூவி விற்பார்கள். அவற்றில் பல, தலைவர்களின் கௌரவத்துக்கும் கூத்துக்கும் செய்தவை. இரத்தக் கதை சொன்னால் விலை ஏறும் என்பதால் அந்தக் கதை ஓயாமல் ஓடுகிறது. எனக்குத் தெரிந்த சரக்கு கிழக்கு ஆபிரிக்காவினதே என்பதால் அதோடு நிற்கிறேன்.

சாணைக்கல்லில் போன ஏழு வாள்கள்

அரூஷாவில் ஒரு தரகர் எனக்காக ஏழு வாள்களைச் சேர்த்து வைத்திருந்தார். நல்ல மனிதர். கிராமங்களுக்குப் போய் ஆளுக்கு ஆள் பேசி வாங்கியவை அவை. நான் படங்களைப் பெற்று ஜேர்மனியிலுள்ள ஒரு சேகரிப்பாளருக்குக் காட்டி, ஏழையும் எடுக்க அவரும் இணங்கியிருந்தார். நான் போய்ச் சேர்வதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர் தரகர் எல்லாவற்றையும் வாகனம் திருத்தும் கடைக்குக் கொண்டுபோய்ச் சாணைக்கல்லில் பிடித்து, கண்ணாடி போலாக்கி வைத்துவிட்டார். எனக்கு ஒரு சந்தோஷ அதிர்ச்சி கொடுக்க நினைத்தாராம். கூலியும் என் கணக்கில்.

கொல்லரின் சம்மட்டித் தடம், பழைய கறுப்பு, தீட்டித் தீட்டி விழுந்த பள்ளம், நடுமேட்டின் கூர்மை எல்லாம் போய்விட்டன. ஏழில் ஒன்றை மட்டும் ஜேர்மன்காரர் எடுத்தார், அதுவும் உறைக்காக. மற்ற ஆறும் சமையலறைக் கத்தி போல நைரோபியில் பெட்டிக்குள் கிடக்கின்றன.

இதை நம்மவர்களுக்கு விளக்குவது உண்மையில் இலகு. சூடேற்றாத நீலக்கல்லுக்கும் சூடேற்றிய நீலக்கல்லுக்கும் என்ன விலை வித்தியாசம் என்று பேருவளையில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். சூடேற்றிய கல் பார்வைக்கு இன்னும் அழகாகவும் இருக்கலாம். ஆனாலும் நெருப்புப் படாதது என்று பத்திரம் வந்தால் விலை வேறு. வாளும் அப்படியே. ஒரு வித்தியாசம் உண்டு: வெளிறிக் கிடக்கும் கெவுடா கல்லைச் சூடேற்றினால் அதற்கு விலை பிறக்கும், சாணை பிடித்த வாளுக்கு எதுவும் பிறப்பதில்லை.

அப்படியானால் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடலாமா என்றால் அதுவும் முடியாது. துரு தின்றுகொண்டே இருக்கும், தோல் உலர்ந்து உடையும், புழு மரத்துக்குள் இறங்கும். எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்ற பகுத்தறிவுதான் இத்தொழிலின் முழு வித்தை. மொம்பாசாவின் பழைய நகரில் ஒரு போஹ்ரா முதியவரிடம் இதைக் கற்றேன். நான் ஒரு வாளைக் கையிலெடுத்து அவசரமாகத் துடைக்கப் போனால், "பாய், அது எங்கும் ஓடிவிடாது. முதலில் ஒரு கிழமை பார்த்துக்கொண்டிரும்" என்பார்.

செய்யும் வேலை

துருவில் இரண்டு வகை. விரலால் தடவினால் செம்மண் போல ஒட்டிக்கொள்வது ஒன்று. அது உயிரோடு இருக்கிறது, இரும்பைத் தின்கிறது. மற்றது கரும்பழுப்பு நிறத்தில் இறுகி, இரும்போடு ஒன்றிப்போய் வழுவழுப்பாக இருக்கும். முதலாவதை எடுக்க வேண்டும், இரண்டாவதில் கை வைக்கக்கூடாது. மெல்லிய எண்ணெய் அல்லது மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அலகில் மட்டும் சுற்றி இரண்டு மூன்று நாள் விட்டால் செந்துரு இளகும். பிறகு பித்தளைத் தகட்டின் ஓரத்தால் மெதுவாகச் சுரண்டலாம். பித்தளை இரும்பைவிட மிருதுவானது, ஆகவே துருவை எடுக்கும், அலகைக் கீறாது. திரும்பவும் எண்ணெய், திரும்பவும் சுரண்டல். இறுதியில் தேவைப்பட்டால் மட்டும் மிக நுண்ணிய ஸ்டீல் வூல், அதுவும் எண்ணெயோடு. எமரிக் கடதாசி, கம்பித் தூரிகைச் சக்கரம், தேசிக்காய், அமிலம் எதுவும் வேண்டாம். ஒரு வாளுக்கு எனக்கு மூன்று கிழமை சென்றதுண்டு.

எண்ணெயை முழுதாகத் துடைத்துக் காயவிட்ட பின்னர் மெழுகு பூச வேண்டும். பிரித்தானிய நூதனசாலையின் ஆய்வுகூடத்தில் 1950 களில் உருவாக்கிய நுண்பளிங்கு மெழுகு இப்போது சிறு டின்களில் விற்பனையாகிறது. ஒரு டின் விலை அதிகம் போலத் தெரியும், ஆனால் நகக்கண்ணளவு எடுத்தால் ஒரு வாளுக்குப் போதும். மெழுகு பூசிய பிறகு வெறுங்கையால் அலகைத் தொடாதீர்கள். வியர்வை உப்பில் ஒரு மாதத்துக்குள் கைரேகை துருவாகப் பதிந்திருக்கும்.

பிடியும் உறையும் இதைவிடக் கடினம். பச்சைத்தோலைத் தண்ணீரில் கழுவினால் இளகி, காயும்போது முறுகிவிடும். சிவப்புச் சாயமும் கரைந்தோடும். காய்ந்த மென்தூரிகையால் தூசி தட்டுவதோடு நிற்க வேண்டும். நமது பழக்கத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். சில மாதங்களில் அது சிக்குப் பிடித்து, பூஞ்சணமும் பூச்சியும் வரும். தையல் விட்டுப் போயிருந்தால் மெழுகிட்ட நூலால் பழைய துளைகளிலேயே திரும்பத் தைக்க வேண்டும், புதுத் துளை ஒன்றுகூடப் போடக்கூடாது. தோல் கிழிந்து பகுதி இல்லாமற் போயிருந்தால் உட்புறமாக மெல்லிய தோல் ஒன்றை வைத்துத் தாங்கலாம். மேலே புதுத்தோல் போட்டு அதே சிவப்பைப் பூசி மறைப்பது எங்கள் வேலை இல்லை. ஆடும் பிடியை இறுக்க எபொக்சிப் பசை ஊற்றுபவர்களைக் கண்டிருக்கிறேன். அதைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. தோலை உருக்கிக் காய்ச்சிய பழைய வச்சிரப் பசையாக இருந்தால், நாளை வேறொருவர் இளஞ்சூட்டு ஈரம் காட்டி அதை எடுத்துவிடலாம்.

இன்னொன்று. வாளை உறைக்குள் வைத்துப் பாதுகாக்க நினைப்பது இயற்கை. ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், பதனிட்ட தோலாயின் அமிலத் தன்மையும் இருக்கும். காலி வீதியில் கடல் காற்றடிக்கும் வீட்டில் ஒரு மழைக்காலம் உறைக்குள் கிடந்தால் போதும். அலகை வெளியே தனியாக வைத்துவிட்டு, உறைக்குள் அதே வடிவில் சீவிய மெல்லிய பலகையைச் செருகி வைப்போம், உறை சுருங்காமல் இருப்பதற்காக.

ஆபிரிக்காவிலேயே செய்த பழுதுபார்ப்பை ஒருபோதும் அகற்றாதீர்கள். பிளந்த பிடிக்குக் கம்பி சுற்றியிருப்பார்கள், உடைந்த உறைக்கு டயர் ரப்பரில் வார் போட்டிருப்பார்கள். பார்க்க அசிங்கமாகத் தெரியும். ஆனால் வாளின் சொந்தக்காரர் தன் தேவைக்குச் செய்த வேலை அது. சேகரிப்பாளர் அதற்குக் கூடுதலாகவே தருவார்.

உறை மாறிய வாள்

இனி வியாபாரத்தின் உள்ளே வருவோம். ஒரு தடவை மிகப் பழைய அலகு ஒன்று கிடைத்தது. கோடுகள் தெளிவாக ஓடும் உள்ளூர் இரும்பு. கூடவே அழகிய உறை. மேசையில் வைத்து அளந்தபோது உறை அலகைவிட மூன்று விரற்கடை நீளம். உறையின் உட்புறத் தேய்மானமும் இந்த அலகின் வளைவோடு பொருந்தவில்லை. இரண்டும் பழையவை, இரண்டும் அசல், ஆனால் ஒன்றுக்கொன்று சொந்தமில்லை. யாரோ ஒரு கடைக்காரர் சோடி சேர்த்திருக்கிறார்.

இங்கிலாந்து வாடிக்கையாளர் ஒருவர் அதை 'முழுமையான சோடி' என்று நம்பி விலை பேசினார். நான் எதுவும் பொய் சொல்லத் தேவையில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும். அங்கேதான் நமக்குச் சோதனை. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபிகளார் (ஸல்) கையை விட்டு, உள்ளே ஈரத்தைக் கண்டு, அதை மேலே மக்கள் பார்க்கும்படி வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட சம்பவம் நமக்குத் தெரியாததல்ல. அந்தத் தானிய வியாபாரியும் வாய் திறந்து பொய் சொல்லியிருக்கவில்லை. குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்று ஃபிக்ஹ் நூல்கள் ஒரு தனித் தலைப்பே வைத்திருக்கின்றன.

உறை வேறு என்று எழுதி அனுப்பினேன். அவர் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தார். எஞ்சிய இலாபம் என் பயணச் செலவுக்குக்கூடக் காணவில்லை. உண்மை சொன்னால் அடுத்த மாதமே இரட்டிப்பாகக் கிடைக்கும் என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். என் கணக்குப் புத்தகத்தில் அப்படியொரு வரவு இல்லை. அந்த வாடிக்கையாளர் அதன் பிறகு என்னிடம் எதுவும் வாங்கவுமில்லை. ஆனால் மறைப்பது பழக்கமாகிவிட்டால் ஒரு தொழிலுக்கே என்ன நேரும் என்பதைக் கல் வியாபாரிகள் கண்டிருக்கிறார்கள். 2001, 2002 ஆம் ஆண்டுகளில் பெரிலியம் சேர்த்துச் சூடேற்றிய செம்மஞ்சள் கற்கள் பாங்கொக்கிலிருந்து எதுவும் சொல்லாமல் சந்தைக்கு வந்தன. விடயம் வெளியானதும் அசல் பத்மராகக் கல் வைத்திருந்தவர்களும் சந்தேகத்துக்கு ஆளானார்கள்.

போலிகளைப் பற்றிச் சுருக்கமாக: புதைத்தும் உப்பில் ஊறவைத்தும் பழசாக்கிய வாளில் துரு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கும். உண்மையான பழைய வாளில் உறைக்குள் மூடியிருந்த பகுதி ஒரு நிறம், கை பட்ட பகுதி ஒரு நிறம். உறையின் வாயைப் பாருங்கள். ஆயிரம் தடவை உருவியிருந்தால் வாய் ஓரம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். அந்தத் தேய்மானத்தைச் செயற்கையாகச் செய்ய எவருக்கும் பொறுமை இல்லை.

சட்டமும் நம் நாட்டு நிலைமையும்

கென்யாவின் தேசிய நூதனசாலைகள் மற்றும் மரபுரிமைச் சட்டம் 2006 இல் வந்தது. 1895 க்கு முன்னர் செய்த அல்லது நாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட அசையும் பொருட்களை அது புராதனப் பொருளாகக் கொள்கிறது. அனுமதிப்பத்திரம் இன்றி அவற்றை வெளியே எடுக்க முடியாது. ஆகவே "நூற்றைம்பது வருடப் பழசு" என்று விற்பவர் உண்மை சொன்னால் அனுமதிப்பத்திரம் வேண்டும், பொய் சொன்னால் விலை வேண்டாம். இரண்டில் எது என்று அவரிடமே கேளுங்கள், பேரம் சுருக்கமாக முடியும்.

யானைத்தந்தம், காண்டாமிருகக் கொம்பு பதித்த பிடிகளைத் தொடவே வேண்டாம். ஆபிரிக்காவிலிருந்து கடத்திவந்து 2012 இல் கொழும்புத் துறைமுகத்தில் பிடிபட்ட 359 தந்தங்கள் 2016 ஜனவரி 26 ஆம் திகதி காலிமுகத்திடலில் இயந்திரத்தில் இட்டு நசுக்கப்பட்டதை நாமே பார்த்தோம்.

கொள்ளைப் பொருள் என்றொரு விடயமும் உண்டு. 1874 இல் பிரித்தானியப் படை கானாவின் குமாசி நகரைச் சூறையாடி அசாந்தி மன்னரின் பொன்னணிகளையும் அரச வாளையும் எடுத்துச் சென்றது. லண்டனின் இரு நூதனசாலைகள் 2024 இல் தம்மிடமிருந்த அசாந்திப் பொருட்களில் 32 ஐக் குமாசிக்கு அனுப்பின, அதுவும் கடனாக. தன் பாட்டனாரின் வாளைப் பேரனுக்கு இரவல் கொடுக்கும் இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை. ஒல்லாந்தர் 1765 இல் கண்டியில் கொள்ளையிட்ட பீரங்கியும் வாள்களும் 2023 டிசம்பரில் நமக்கு உரித்தாகவே திரும்பி வந்தன. சிறு வியாபாரிக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு வாள் எப்படி அந்தக் குடும்பத்தை விட்டு வெளியேறியது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வறட்சியில் மாடு செத்து, பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கு விற்றிருப்பார்கள். அது நியாயமான விற்பனை, விலையை நசுக்காமல் கொடுங்கள். திருடிய பொருளாக இருந்தால் எத்தனை கை மாறினாலும் அது திருடிய பொருளே.

இனி நாட்டுக்குள் கொண்டுவருவது. என் வாள்களில் ஒன்றுகூட இலங்கையில் இல்லை. துப்புரவு வேலை முழுவதும் நைரோபியில் ஒரு நண்பரின் கடைப் பின்னறையில் நடக்கிறது. அங்கிருந்தே வாங்குபவருக்குப் போகிறது. மேலே சொன்ன கடல் காற்றுக் கதை, ஊரில் மற்றவர்களின் வீட்டில் கிடந்த பொருட்களைப் பார்த்துச் சொன்னது. காரணத்தை விளக்கத் தேவையில்லை. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின்னர் நம் வீடுகளும் பள்ளிவாசல்களும் சோதனையிடப்பட்டதும், வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்குமாறு மே ஆரம்பத்தில் பொலிஸார் பொதுமக்களைக் கேட்டதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். பாட்டன் காலத்து அலங்கார வாளைச் சுவரில் மாட்டியிருந்தவர்களும் அன்று நடுங்கினார்கள். சேகரிப்பு என்பது உங்களுக்கும் எனக்கும் விளங்கும். நள்ளிரவில் கதவைத் தட்டுபவருக்கு அதை விளங்கப்படுத்த நேரம் கிடைக்காது. ஆசைக்குக்கூட ஒன்றைப் பயணப் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். கட்டாயம் தேவையென்றால் முதலில் சட்டத்தரணியையும் சுங்கத்தையும் எழுத்து மூலம் கேளுங்கள்.

வாங்கும் நாட்டுச் சட்டமும் மாறிக்கொண்டே இருக்கிறது. இங்கிலாந்தில் கத்தி, வாள் தொடர்பான சட்டம் 2024 இலும் 2025 இலும் மேலும் இறுக்கப்பட்டது. கூரிய பொருட்களை ஏற்காத கூரியர் கம்பனிகளும் உண்டு. பணம் வாங்குவதற்கு முன்னரே அனுப்பும் வழியை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கணக்கு

சாதாரண மசாய் வாள் ஒன்று ஐரோப்பாவில் நூறு, இருநூறு டொலருக்குள் முடிந்துவிடும். அதில் கொள்முதல், தரகு, மெழுகு, மூன்று கிழமை உழைப்பு, அனுப்பும் செலவு எல்லாம் போனால் கையில் நிற்பது மிகச் சொற்பம். பத்தில் ஒன்று நல்ல வாளாக அமையும். அந்த ஒன்றுதான் மற்ற ஒன்பதையும் சுமக்கும். அது விற்க ஒரு வருடமும் ஆகலாம், மூன்று வருடமும் ஆகலாம். கடன் எடுத்த முதலில் இதைச் செய்ய முடியாது. கல்லுக்காகப் போகிறவர், பயணச் செலவு ஏற்கெனவே கல்லில் விழுந்துவிட்ட நிலையில், ஓய்வு நேரத்தில் செய்யக்கூடிய தொழில் இது. இதற்கென்றே விமானச்சீட்டு எடுப்பவருக்கு நான் புத்தி சொல்ல மாட்டேன். அவருடைய வாப்பாவிடம் சொல்லிவிடுவேன்.

ஸகாத் விடயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். விற்பதற்கென்ற நிய்யத்தோடு வாங்கியது வியாபாரச் சரக்கு. ஆண்டு முடிவில் அன்றைய சந்தை விலைக்கு மதிப்பிட்டு, ஏனைய சரக்கோடு சேர்த்து நிஸாபை எட்டினால் 2.5 வீதம் கொடுக்க வேண்டும். சொந்த ஆசைக்காக வைத்திருப்பது அப்படியல்ல. ஆனால் 'ஆசைக்கு' என்று சொல்லிக்கொண்டு நல்ல விலை வந்தால் விற்பவர் தன் நிய்யத்தைத் தானே விசாரித்து, ஆலிம் ஒருவரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் இரண்டையும் ஆரம்பத்திலேயே இரண்டு பெட்டிகளில் பிரித்து வைத்திருக்கிறேன். ஒரு பெட்டியிலிருந்து மற்றதற்கு எதுவும் மாறுவதில்லை.

ஒவ்வொரு வாளோடும் நூலில் கட்டிய அட்டை ஒன்று உண்டு. எந்த ஊரில், எப்போது, என்ன விலைக்கு வாங்கியது. அலகு என்ன இரும்பு. வந்தபோது என்ன குறை. நான் எதைச் செய்தேன், எதைச் செய்யவில்லை. உறை அதனுடையதா, வேறா. கொள்முதல் விலையையும் எழுதுவது முட்டாள்தனம் என்று நைரோபி நண்பர் இன்றும் சண்டை பிடிக்கிறார். இப்போது படம் அனுப்பக் கேட்கும் வாடிக்கையாளர்களில் சிலர், முதலில் அட்டையின் படத்தை அனுப்பு, வாளைப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள்.